ஒரு விரல் நீள ஒயர்

தம்பி,

திங்கட்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு, நம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் இருக்கும், உலோகம் செதுக்கும் உன் மில்லிங் மெஷின் தானாக ஓடியது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. நீ அப்போது சென்னை பஸ்ஸில் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பாய். காலை பத்து மணிக்குப் பராமரிப்பு என்று நிறுத்திய கரண்ட் திரும்பி வந்தது, அதோடு மெஷினும் எழுந்துகொண்டது. உன் அம்மா அந்த நேரத்தில், மெஷின் டேபிள் மேல் நீ விட்டுப்போன இரும்புச் சீவலைப் பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டின் முனை சுற்றுகிற கட்டரில் மாட்டியது. அவள் துண்டை விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கைக்கு ஒன்றும் இல்லை, இடது ஆள்காட்டி விரலில் நகத்தோரம் ஒரு கீறல். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது துண்டு கட்டரோடு சுற்றி டேபிளில் பட் பட்டென்று அறைந்துகொண்டிருந்தது. அவள் சுவரோரம் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெயினை இறக்கினேன். "யாருய்யா போட்டது?" என்றாள். "யாரும் போடல" என்றேன். "யாரும் போடாம எப்படிய்யா ஓடும்?" என்றாள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கரண்ட் போனபோது மெஷின் தலையில் இருக்கும் கைப்பிடி சுவிட்சை நிறுத்தத்துக்குத் திருப்பாமல் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோமே என்று உன்னை நீயே நொந்துகொள்வாய். வேண்டாம். கைப்பிடி ஓட்டத்தில் இருந்தது உண்மைதான். இருந்தாலும் மெஷின் ஓடியிருக்கக் கூடாது. ஓடியதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வியாபாரியாகிவிடுவேன். பாதியைச் சொல்லி, உன் குரல் எப்படிப் போகிறது என்று பார்த்து, மீதியை முழுங்கிவிடுவேன். நாற்பது வருஷம் அப்படியே பேசிப் பழகிய வாய் இது. இந்தக் கடிதத்தின் நகலை எங்கள் பழைய மெஷின் வியாபாரிகள் சங்கம் போடும் ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் நாளைக்கு நானே மறுக்க முடியாது. சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்காது. அவர்கள் கடையிலும் மெஷினை ஓட்டி நிறுத்துகிற ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது, அவர்களும் மூடியைத் திறந்து பார்க்கட்டும்.

முதலிலிருந்து வருகிறேன். நீ கேட்டது இந்த மெஷினே இல்லை. போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது உன் போனில் ஒரு படம் காட்டினாய். மேஜை மேல் வைக்கிற அளவு சின்ன மில்லிங் மெஷின், அறுபது எழுபது கிலோ, வீட்டுக் கரண்டிலேயே ஓடும். "இது போதும் நைனா. பித்தளையும் அலுமினியமும்தான் வெட்டப் போறேன். கையளவு ஒரு எஞ்சின் செய்யணும், அவ்வளவுதான்" என்றாய். "எவ்வளவுக்கு விப்ப?" என்று கேட்டேன். "விக்க இல்ல." "பின்ன?" "சும்மா, ஓடுறதப் பாக்க." எனக்கு அது விளங்கவே இல்லை. என் அப்பன் கடைசி வரைக்கும் அடுத்தவன் வயலில் வரப்பு வெட்டியவர். நான் சைக்கிளில் தராசு கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பழைய இரும்பு எடுத்தவன். சும்மா ஓடுவதைப் பார்க்க ஒரு பொருள் செய்கிற பிள்ளை நம் வீட்டில் பிறந்துவிட்டானே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அதைக் காட்டத் தெரியாமல் உன் மெஷினைக் கேலி பண்ணினேன். "தையல் மெஷினாட்டம் கீது. ஜாக்கெட்டு தைக்கவா?" என்றேன். உன் அம்மாகூடச் சிரித்தாள். நீ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

அடுத்த வாரமே அம்பத்தூரில் ஒரு பட்டறை மூடுகிறார்கள் என்று தகவல் வந்தது. ஒரு டன் எடையுள்ள மில்லிங் மெஷின், கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு. எனக்கு எதைப் பார்த்தாலும் முதலில் கிலோதான் கண்ணில் படும். நீ கேட்ட சின்ன மெஷின் கிலோ என்ன விலை விழுகிறது, இது கிலோ என்ன விலை விழுகிறது என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், லாரியை அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. அதற்கு மும்முனைக் கரண்ட் வேண்டும் என்றதும் வீட்டுக்கு மும்முனை இணைப்பும் வாங்கினேன். கனமான மெஷின் நல்லது என்பதில் பொய் இல்லை. இரும்பு கனமாக இருந்தால் கட்டர் உதறாது, வெட்டு கண்ணாடி மாதிரி வரும், கட்டரும் நாள்பட உழைக்கும். சின்ன மெஷினில் கொஞ்சம் ஆழமாக இறக்கினாலும் தலை நடுங்கும். ஆனால் சின்னது நடுங்கி நின்றுவிடும். பெரியது நிற்காது. மூன்று குதிரை சக்தி மோட்டாருக்குத் துணி, கை என்று வித்தியாசம் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. என்ன வெட்டப் போகிறாய், எந்தக் கரண்டில் ஓடும், அந்தக் கரண்ட் எப்படி வந்து எப்படிப் போகும், அந்த ஷெட்டுக்குள் உன்னைத் தவிர வேறு யார் நுழைவார்கள். இந்த நாலில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கிலோவை மட்டும் கேட்டேன்.

உனக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு நீயே வாங்குவாய், நீயே விற்பாய், என்னிடம் கேட்க மாட்டாய். ஆகவே இதையும் எழுதி வைக்கிறேன். பழைய மெஷினைப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் முதலில் பெயிண்ட் எதை மறைக்கிறது என்று பார். நான் பச்சை பெயிண்டுக்குக் கீழே விரிசலுக்குப் பட்டி பூசி விற்றிருக்கிறேன். டேபிளை நகர்த்தும் கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, பிறகு எதிர்ப்பக்கம் சுற்று. டேபிள் அசைவதற்கு முன் கைப்பிடி எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறதோ அவ்வளவு தேய்மானம். டேபிள் நடுவில் இருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு வராதே. எல்லாரும் நடுவில்தான் வேலை செய்வார்கள், நடுதான் தேய்ந்திருக்கும். வியாபாரி அந்த நடுவுக்கு ஏற்றபடி இறுக்கி வைத்திருப்பான். ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தால் நகராமல் பிடித்துக்கொள்ளும். அப்போது தெரிந்துகொள். பல்சக்கரம் சத்தம் போடும் மெஷினில், பார்க்க ஆள் வருகிற அன்று கெட்டி எண்ணெயை ஊற்றுவோம், அரை நாளைக்குச் சத்தம் இருக்காது. ஆகவே சொல்லாமல் போய்ப் பார், மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது பார், சும்மா ஓடவிட்டுப் பார்க்காமல் ஒரு துண்டு இரும்பை வெட்டச் சொல்லிப் பார்.

கட்டர் விஷயத்தில் நீ என்னைவிடப் படித்தவன், ஆனாலும் ஏமாந்தாய். நெட்டில் இருபது கட்டர் கொண்ட பெட்டி வாங்கினாய், எல்லாம் பொன் நிறம். "இன்னாடா இது, தாலிக்கா?" என்று கேட்டேன். "கோட்டிங் நைனா, சூடு தாங்கும்" என்றாய். இருபதில் நீ தொட்டது நாலு. அந்த நாலிலும் ஒன்று முதல் நாளே முனை மழுங்கியது. பெட்டியாக வாங்காதே. மெஷின் வாங்க எவ்வளவு வைத்திருக்கிறாயோ, அதில் பாதிக்குக் கட்டரும் அதைப் பிடிக்கிற பாகங்களும் வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேலை கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக நல்லதாக வாங்கு. அலுமினியத்துக்கு இரண்டு பல் கட்டர், சீவல் வெளியே வர இடம் வேண்டும். இரும்புக்கு நாலு பல். வீட்டில் பழகுகிறவனுக்குச் சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் போதும், தப்பு பண்ணினால் மழுங்கும், அவ்வளவுதான். கார்பைடு அப்படி இல்லை. கெட்டியானது, ஆனால் மன்னிக்காது. சித்திரையில் நீ கார்பைடு கட்டரை ஆழமாக இறக்கினாயே, உடைந்த துண்டு உன் காதோரம் போய்த் தகரச் சுவரில் குத்தியதே, நினைவிருக்கிறதா. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்தத் துண்டு இன்னும் தகரத்திலேயே இருக்கிறது. உன் கண் உயரம் அது. நேற்று அளந்து பார்த்தேன்.

இனி ஸ்டார்ட்டர். இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய், ஆனாலும் மலரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை பட்டனை அமுக்கினால் உள்ளே காயில் என்கிற ஒரு கம்பிச் சுருள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், ஒரு ஆள் வந்து மறுபடியும் பச்சையை அமுக்கினால்தான் ஓடும். ஆள் இல்லாமல் ஓடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெட்டியைச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் அந்தக் காவலைப் பிடுங்கிவிடுவார்கள். மும்முனைக் கரண்ட் எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது, வந்த நேரத்துக்கு மோட்டார் தானே எடுத்து நெல்லுக்குத் தண்ணீர் பாய வேண்டும். மூடியைக் கழற்றி, பச்சை பட்டனின் இரண்டு முனைகளையும் ஒரு விரல் நீள ஒயரால் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. எந்நேரமும் யாரோ ஒருவர் பச்சையை அமுக்கிக்கொண்டே இருக்கிற கணக்கு. கிணற்றடியில் அதனால் கெட்டுப்போவது பெரிதாக இல்லை. நான் இரும்பு எடுக்கப் போன வயல்களில் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை இது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

உன் ஸ்டார்ட்டர் ஒரு மாசத்துக்கு முன் தொல்லை கொடுத்தது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் படக்கென்று பிடியை விட்டு விழுந்தது. "வேலை நடுவுல நிக்குது நைனா, கட்டர் மாட்டிக்குது, பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு நீ சென்னைக்குப் போனாய். புது காயில் வாங்கக் காஞ்சிபுரம் போனேன், கடை அன்று விடுமுறை. அப்படியே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடத்துக்குப் போனேன், மண்டபத்துக்காரனைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்தேன். வந்து மூடியைக் கழற்றினேன். விழுந்தாலும் தானே எடுத்துக்கொள்ளும்படி ஒயரைப் போட்டு மூடினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த சனிக்கிழமை நீ வந்து ஓட்டிப் பார்த்தாய். "இன்னா பண்ண நைனா?" என்றாய். "காயிலை மாத்திட்டேன்" என்றேன். "தேங்க்ஸ் நைனா" என்றாய். அந்தத் தேங்க்ஸையும் வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக, ஒவ்வொரு தடவை கரண்ட் போனபோதும் நீ அந்தக் கட்டருக்குப் பக்கத்தில் கையை வைத்துத்தான் சீவலைப் பொறுக்கியிருக்கிறாய். ஸ்டார்ட்டர் விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்தவன். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் பெருநகர் கிராமத்தில் ஏகாம்பரம் என்று ஒருவனுக்கு ஒரு மில்லிங் மெஷின் விற்றேன். பஸ் போகிற ரோட்டில் சின்னப் பட்டறை, பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறவன். நிதானமான ஆள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கேட்பான். அந்த மெஷினின் ஸ்டார்ட்டரிலும் காயில் வீக். மாற்ற இரண்டு நாள் ஆகும், அவன் லாரியோடு வந்து நிற்கிறான், இரண்டு நாள் விட்டால் வேறு இடம் பார்த்துவிடுவான். ஒயரைப் போட்டு மூடிவிட்டேன். எல்லாம் பேசி முடித்து முன்பணம் எடுக்கும்போது, "கரண்டு போயிட்டுத் திரும்பி வந்தா இன்னா ஆவும் மொதலாளி?" என்று கேட்டான். வேறு யாரும் கேட்காத கேள்வி. நின்றிருந்த மெஷினின் கட்டர் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். "ஒண்ணும் ஆவாது. தோ பாரு, எங் கையே கீது" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணினான்.

எட்டு மாசம் கழித்து, கரண்ட் இல்லாத நேரத்தில் கட்டர் பல்லுக்குள் சிக்கியிருந்த சீவலை விரலால் எடுத்துக்கொண்டிருந்தான். கரண்ட் வந்தது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. லாரி டிரைவர் வந்து சொன்னான். நான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, முதலில் பெருநகருக்குப் போனேன். அவன் அண்ணி பட்டறைச் சாவியைக் கொடுத்தாள். மெஷினைச் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "நீயாவது வந்தியே" என்றாள். உள்ளே போனேன். தரையைக் கழுவியிருந்தார்கள், டேபிளைக் கழுவவில்லை. ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தேன், ஒயரை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன், மூடினேன். பிறகு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கையிலிருந்து அவன் சொன்னான்: "கைப்பிடிய நிறுத்தாம உட்டுட்டேன் போல மொதலாளி. எந் தப்புதான்." நான் என்ன சொன்னேன் தெரியுமா. "ஆமாம்பா, ஜாக்கிரதையா இருக்கணும்" என்றேன். திரும்பும்போது செய்யாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ஒயரைக் கீழே போட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் அது கிடந்தது மேலேயிருந்தே தெரிந்தது. இறங்கிப்போய் எடுக்கலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை உன் அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த மணல்தான் கண்ணில் வந்தது. அவள் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, மெயின் பெட்டியில் இருந்த மூன்று ஃபியூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தேன். வேறு எலக்ட்ரீசியன் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நம் உத்திரமேரூரிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். என் வண்டி பெருநகருக்குத்தான் போனது.

ஏகாம்பரம் பட்டறையை எப்போதோ விட்டுவிட்டான். அதே இடத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. இடது கையாலும், வலதில் மிச்சமிருக்கும் இரண்டு விரலாலும் செம்புக் கம்பி சுற்றுகிறான். சுற்றுப்பட்டில் ஸ்டார்ட்டர் வேலை என்றால் அவனைத்தான் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே இத்தனை வருஷம் அந்த ரோட்டில் போனால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மொதலாளி, வழி தெரிஞ்சிதா?"

"ஒரு ஸ்டார்ட்டர் வேலை கீது ஏகாம்பரம்."

"யாரு கை?"

"யாருதும் போவல. எங்க வூட்டுக்காரி தொடச்சிக்கினு இருந்தா. துண்டு மட்டும் போச்சு."

அவன் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. "நல்ல துண்டா, பழசா?"

"பழசு."

"லாபந்தான்" என்றான்.

கையிலிருந்த சுற்றை முடித்தான். பிறகு பலகைக்கு மேலேயிருந்து ஒரு பழைய ஸ்டார்ட்டரை எடுத்து என் முன்னால் வைத்தான். நான் அவனுக்கு விற்ற மெஷினில் இருந்ததுதான் என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து திருகாணியைக் காட்டினான். திருகுக்கு அடியில் நாலு செம்பு இழை. ஒயரை வெட்டி எடுத்தேனே தவிர, அவசரத்தில் திருகைக் கழற்றவில்லை. "ரீவைண்டிங் கத்துக்கினு நான் மொத மொதல்ல தொறந்த பெட்டி இதான்" என்றான். "எல்லாரும் எந் தப்புன்னாங்க. நானும் அப்பிடித்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். எம் பொண்டாட்டி இன்னும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு கீறா."

"ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப? ஒயரு எங்க, காட்டுன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன், தம்பி. அதே வார்த்தையில் கேட்டிருப்பேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து அந்த இழையைக் காட்டுவானாம். தன் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவானாம். "உம் பேர மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா சண்டைய பாப்பான், ஒயர பாக்க மாட்டான்" என்றான். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "அதெல்லாம் எடுத்துக்கினு போயி வேற எங்கனா வெய். இன்னா வேலை, அத சொல்லு." சொன்னேன். ஐந்தாயிரம் தருகிறேன் என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது எவ்வளவு அசிங்கமான தொகை என்று எனக்குப் புரிந்தது. பேசி முடிக்க இருட்டிவிட்டது. வியாபாரத்தில் இத்தனை வருஷத்தில், எதிராளி சொன்னதில் ஒன்றைக்கூட நான் குறைக்கச் சொல்லாதது அன்றைக்குத்தான்.

ஷெட்டைப் பூட்டிவிட்டேன். துண்டு கட்டரிலேயே சுற்றிக்கிடக்கிறது, யாரையும் பிரிக்க விடவில்லை. நீ வந்து பார்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகு அந்த மெஷினில் மறுபடியும் வேலை செய்ய உனக்கு மனசிருந்தால், துடைப்பதற்குத் துணி எடுக்காதே, பிரஷ் எடு. கையுறை போடாதே, அதுவும் துணிதான். கட்டரை மாற்றும்போது, சீவலை எடுக்கும்போது, அளவு பார்க்கும்போது, கைப்பிடியைத் திருப்பினேன் என்று நம்பாமல் மெயினை இறக்கு. யார் வந்து சரிசெய்தேன் என்று சொன்னாலும் மூடியைத் திறந்து பார். அப்பன் சொன்னாலும் திறந்து பார். மனசில்லையென்றால் அதுவும் சரி, நீ முதலில் காட்டிய சின்ன மெஷினையே வாங்கிக்கொள்வோம், இதை நான் வேறு இடம் பார்க்கிறேன். ஆனால் விற்பதாக இருந்தாலும் ஏகாம்பரம் கை வைத்த பிறகுதான் விற்பேன். இந்த மெஷினும் மூடிய பெட்டிக்குள் ஒரு ஒயரோடு இன்னொரு ஷெட்டுக்குப் போகாது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் போன மாசம் வந்தபோது ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள், நீ மெஷினை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக் கட்டரைத் தொட்டுப் பார்க்க வைத்தாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர் அப்போது உள்ளே இருந்தது. எனக்குத் தெரியும். கரண்ட் இருந்தது, கைப்பிடி நிறுத்தத்தில் இருந்தது, ஆபத்தில்லை என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு காபி கொண்டுவரச் சொன்னேன்.

ஏகாம்பரத்தோடு பேசி ஒப்புக்கொண்டது இது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவான். ஸ்டார்ட்டர் புதிது, பில்லோடு நான் வாங்கி வைக்க வேண்டும். டேபிள் பக்கத்தில், முட்டியால் இடித்தால்கூட நிற்கிற மாதிரி ஒரு சிவப்பு சுவிட்ச். நம்முடைய பழைய ஸ்டார்ட்டரை, உள்ளே ஒயர் இருக்கிறபடியே, அவனிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அவன் பலகையில் இருக்கும். கூலி ஆயிரத்து எண்ணூறு ரூபாய், ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் கூடாது. நடந்ததை வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே உனக்கும் உன் அம்மாவுக்கும் நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பச்சையை அமுக்கி மெஷினை ஓட்டுவான், மெயினை இறக்குவான், கைப்பிடியை ஓட்டத்திலேயே விடுவான். கட்டர் நின்ற பிறகு நான் என் வலது உள்ளங்கையை அதன் பல் மேல் வைக்க வேண்டும், அன்றைக்கு அவனுக்குக் காட்டினேனே, அதே மாதிரி. மெயினைத் திரும்ப மேலே போடுவது அவன் இல்லை, நீ. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.